அவர் காதில் விழக் கூடாதது

விழுப்புரம்
14 ஜூன் 2025

அன்புள்ள சாஜிதாவுக்கு,

செண்பகம் எழுதுகிறேன். ஜனவரியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் பதினொரு நாள் உன்னோடு ஒரே பாயில் படுத்திருந்த கண்டக்டர் மனைவி. உள்ளே உன் மாமியார் ஒரு வார்டில், என் வீட்டுக்காரர் ஒரு வார்டில். இருவருக்கும் பக்கவாதம். கிளம்பும் நாளில் மருந்துச் சீட்டின் பின்பக்கம் உன் விலாசத்தை எழுதிக் கொடுத்தாய்.

போன் நம்பரும் அதில் இருக்கிறது. ஆனால் பேச வழியில்லை. எங்கள் வீடு ஒரு அறை, ஒரு சமையலறை. அவருக்கு வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. படிக்கவும் முடியவில்லை. பேப்பரைக் கையில் கொடுத்தால் சிறிது நேரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறார். காது மட்டும் முன்னைவிடக் கூர்மை. போனில் அவர் பேச்சை எடுத்தாலே இடது கையால் கட்டிலைத் தட்டுகிறார். போனில் டைப் அடித்து வைத்தாலோ, மகள் பானுப்ரியா ஓசூரிலிருந்து வரும்போது எல்லாவற்றையும் புரட்டிப் பார்ப்பாள். அதனால்தான் காகிதம். அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். சத்துணவு ரெக்கார்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை காலை எட்டே கால். ஒன்பதுக்குள் நான் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். அரிசியும் பருப்பும் முட்டையும் எடுத்துக் கொடுத்தால்தான் சமையல் தொடங்கும். அன்று அது மூன்றாவது படுக்கை விரிப்பு. மாற்றிக்கொண்டிருந்தபோது என் பின்னலை இடது கையால் பிடித்துக்கொண்டார். விடவில்லை. "விடுங்க" என்றேன். "ரைட்" என்றார். அவருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சொல் அதுதான். பசித்தால் ரைட், கோபம் வந்தால் ரைட், ஒண்ணுக்கு வந்தாலும் ரைட்.

நான் அவரைக் கன்னத்தில் அடித்தேன்.

பின்னலை விட்டார். அழவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். நான் விரிப்பை மாற்றி, தலையை முடிந்துகொண்டு பள்ளிக்கூடம் போய், நூற்றுப் பன்னிரண்டு முட்டை எண்ணிக் கொடுத்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. நீ படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

செண்பகம்


திண்டிவனம்
20 ஜூன் 2025

அன்புள்ள செண்பகம் அக்கா,

கிழித்துவிட்டேன். கிழிப்பதற்கு முன் நாலு தடவை படித்தேன். அதற்குப் பதிலாக என்னுடையதை எழுதுகிறேன், நீங்கள் கிழித்துக்கொள்ளுங்கள்.

என் மாமிக்குப் பேச்சு போகவில்லை. அல்லாஹ் அதை மட்டும் இரண்டு பங்காகக் கொடுத்துவிட்டான். "சாஜிதா, ஃபேனைப் போடு. சாஜிதா, ஃபேனை நிறுத்து. சாஜிதா, உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?" மாமியின் மகன், அதாவது என் வீட்டுக்காரர் ஹக்கீம், ஷார்ஜாவிலிருந்து ராத்திரி வீடியோவில் வருவார். "அம்மாவை நல்லா பாத்துக்கறியா?" என்பார். போனை மாமி பக்கம் திருப்புவேன். மாமி உடனே அழுவார். அன்றைய ரிப்போர்ட் அவ்வளவுதான்.

மார்ச் மாதம் ஒரு நாள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். குழாயைத் திறந்துவிட்டு, கவிழ்த்த வாளியின் மேல் இருபத்தைந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். மாமி கூப்பிட்டது கேட்டது. வேண்டுமென்றேதான் போகவில்லை. வெளியே வந்தபோது மாமி கட்டிலிலிருந்து பாதி சரிந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். "இன்னா குளியலு இது, கோட்டக்குப்பத்துக் கடல்லயா குளிச்ச?" என்றார். நான் பிறந்த ஊரை இழுக்காமல் மாமிக்கு ஒரு வாக்கியமும் முடியாது. தூக்கிப் படுக்க வைத்தேன். அந்தக் கம்பி இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை கணக்குப் போடுகிறேன்.

இங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பிசியோதெரபி சென்டர் இருக்கிறது. வாரம் மூன்று நாள். நோயாளி உள்ளே போனால் நாற்பது நிமிஷம் கதவு சாத்திவிடுவார்கள். வெளியே ஒரு பெஞ்சு. அதில் நாங்கள் நாலு பேர் உட்காருகிறோம். முதலில் படுக்கைப்புண்ணுக்கு எந்தக் களிம்பு என்று பேசினோம். அப்புறம் தூக்கம். போன வாரம் ஒருவர், "எனக்குச் சில நேரம் அவரைப் பாக்கவே புடிக்கல" என்றார். யாரும் "ஐயோ" என்று சொல்லவில்லை. அந்த நாற்பது நிமிஷத்துக்காகத்தான் இப்போது வாரம் முழுவதும் காத்திருக்கிறேன்.

விழுப்புரத்திலும் இப்படி ஒரு பெஞ்சு நீங்கள் ஏன் போடக் கூடாது?

சாஜிதா


விழுப்புரம்
28 ஜூன் 2025

அன்புள்ள சாஜிதாவுக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. முட்டை ரெஜிஸ்டருக்குள் வைத்திருக்கிறேன். அதை அதிகாரியைத் தவிர வேறு யாரும் திறக்க மாட்டார்கள்.

அது வந்த அன்று இரவு நெடுநாளைக்குப் பிறகு ஐந்து மணி நேரம் தூங்கினேன். அவரும் தூங்கினார்.

பெஞ்சு விஷயம் யோசிக்கிறேன். இங்கே பிசியோதெரபிக்காரர் வீட்டுக்கே வந்துவிடுகிறார். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது பக்கத்து வீட்டு அம்மணி வந்து உட்கார்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கும் குடும்பம் இருக்கிறது. இவரை யாரிடம் விட்டுவிட்டு நான் போவது? டிப்போவில் இவரோடு பன்னிரண்டு வருஷம் ஒரே வண்டி ஓட்டிய தென்னரசு அண்ணன்கூட இந்த ஆறு மாதத்தில் வாசல்படி மிதிக்கவில்லை.

செண்பகம்


திண்டிவனம்
11 ஜூலை 2025

அன்புள்ள செண்பகம் அக்கா,

ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்தால் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அப்படி இருக்க முடியவில்லை.

பெஞ்சில் இப்போது ஏழு பேர். கிளியனூரிலிருந்து ஒரு பெண் பஸ் ஏறி அப்பாவைக் கூட்டிவருகிறாள். புதன்கிழமை அவள் முகம் வீங்கியிருந்தது. அப்பாவை அடித்துவிட்டாளாம். "என்னை மாதிரி பாவி ஒலகத்துல கிடையாது, நான் இருந்து இன்னா ஆவப் போவுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நாங்கள் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அப்போது நான், "எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, ரொம்ப நல்லவங்க, அவங்களும் வீட்டுக்காரரை அடிச்சிருக்காங்க. அன்னைக்கே வேலைக்கும் போயி, புள்ளைங்களுக்குச் சோறும் போட்டாங்க" என்றேன். பேர் சொல்லவில்லை. ஊர் சொல்லவில்லை.

அவள் தலையை நிமிர்த்தி, "நெசமாவா?" என்றாள். வெள்ளிக்கிழமையும் வந்தாள்.

உங்களைக் கேட்காமல் சொன்னது தப்பு. அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

சாஜிதா


விழுப்புரம்
15 ஜூலை 2025

சாஜிதா,

கிழித்துப் போடச் சொன்னேன். நீ ஏழு பேருக்குப் படித்துக் காட்டியிருக்கிறாய்.

பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற அக்கா என்றால் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வர எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மணி நேர பஸ். என் மகள் காதுக்கு, என் ஹெட்மாஸ்டர் காதுக்கு, கடைசியில் இவர் காதுக்கு.

பெஞ்சில் உட்கார்ந்து வீட்டு விஷயத்தைக் கொட்டுவது எனக்கு வராது. 27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இங்கே முறையாக ஒரு கூட்டம் நடத்துகிறேன். ஒரு மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலைக் கேட்டிருக்கிறேன். நரம்பு டாக்டர் வந்து பேசுகிறார். நோயாளிகளையும் கூட்டிவரலாம் என்று சொல்லியிருக்கிறேன். என் தம்பி சவுரிராயன் பேனர் வைக்கிறான். எப்படிச் செய்ய வேண்டுமோ அப்படிச் செய்வேன்.

இனிமேல் எழுத வேண்டாம்.

செண்பகம்


திண்டிவனம்
18 ஜூலை 2025

செண்பகம் அக்கா,

எழுத வேண்டாம் என்றீர்கள். அதனால் இரண்டே வரி.

கிளியனூர்ப் பெண்ணிடம் இந்த விஷயம் வெளியே போகக் கூடாது என்று கேட்டேன். "எனக்குத் தூக்கம் குடுத்தவங்க அவங்க, நான் போயி சொல்லுவனா?" என்றாள். என்னை மன்னிக்க வேண்டாம், கூட்டம் நல்லபடி நடக்கட்டும்.

சாஜிதா


விழுப்புரம்
30 ஜூலை 2025

அன்புள்ள சாஜிதாவுக்கு,

இதை எழுதுவதற்கு உன்னைத் தவிர எனக்கு ஆள் இல்லை என்று நேற்றுத்தான் தெரிந்தது. கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன். பாதிக் கோபம் இன்னும் இருக்கிறது.

முதலில் பேனர். சனிக்கிழமை காலையிலேயே சவுரிராயன் அதைத் தெருமுனையில் கட்டிவிட்டான். நான் பார்க்கவில்லை. சாயங்காலம் இஸ்திரிக்காரர் வண்டியை விட்டுவிட்டு வந்து, "எப்பம்மா ஆச்சு?" என்று மெதுவாகக் கேட்டார். ஸ்ட்ரோக்கைக் கேட்கிறார் என்று நினைத்து, "ஜனவரியில" என்றேன். "எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்லியே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தால் தென்னரசு அண்ணன். பின்னால் டிப்போ ஆட்கள் நாலு பேர். அண்ணன் கையில் ஆளுயர ரோஜா மாலை. நாற்காலியில் உட்கார்ந்து இவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணன் இவரைப் பார்த்தார். இவர் மாலையைப் பார்த்தார். "யோவ் முருகையா..." என்று அண்ணன் வாயைத் திறந்ததும் இவர் கணீரென்று "ரைட்!" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். ஒரு பக்க வாயால்தான் சிரிக்க வருகிறது, எச்சில் வழிகிறது, இட்லி தெறிக்கிறது, நிற்கவே இல்லை. சாஜிதா, இந்த ஆறு மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஓடிப்போய்த் தெருமுனையில் பார்த்தேன். நடுவில் வட்டத்துக்குள் யூனிஃபார்ம் போட்ட இவர் படம். கீழே இரண்டு குத்துவிளக்கு, ஒரு தாமரை. பெரிய எழுத்தில் "முருகையன்". அதற்கும் கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரியும் என்கிற அளவில், "பக்கவாதம் கண்டோரைப் பராமரிக்கும் குடும்பத்தினர் கூட்டம்". பேனர் கடைக்காரன் கம்ப்யூட்டரில் கண்ணீர் அஞ்சலிக்குப் போட்டுவைத்திருந்த டிசைனிலேயே அடித்துக் கொடுத்திருக்கிறான். தம்பியைக் கேட்டால், "மாமா படம் போட்டாத்தான எடுப்பா இருக்கும்னு குடுத்தேன்க்கா, வெளக்கு மங்களகரமாத்தான இருக்குது?" என்கிறான்.

திரும்பி வந்தபோது அண்ணன் அந்த மாலையை இவர் கழுத்திலேயே போட்டுவிட்டு, காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "வாங்கினு வந்தத இன்னா பண்றது? உசுரோட இருக்கறவனுக்கே போட்டுட்டேன். உன்ன இப்பிடிப் பாக்க பயந்துக்கினு வராம கெடந்துட்டேன்டா முருகையா. செத்துட்டன்னதும் ஓடியாறேன், பாரு" என்றார். இவர் இடது கையால் அண்ணன் தலையில் ஒன்று போட்டார்.

கூட்டம் இதைப்போல இல்லை. இருபத்து மூன்று பேர் வந்தார்கள். நோயாளிகளை முன்வரிசையில் உட்கார வைத்தேன். மரியாதை என்று நினைத்தேன். டாக்டர் உப்பைக் குறைப்பது பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். பொன்னாடை போட்டோம். "யாராவது பேசுறீங்களா?" என்று மைக்கைக் கொடுத்தேன். நாலு பேர் வாங்கி, நாலு பேரும் "கொறை ஒண்ணும் இல்ல, நல்லா பாத்துக்கறோம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். யாரைப் பற்றிப் பேச வேண்டுமோ அவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். வேறு என்ன சொல்வார்கள்?

முடிந்து கை கழுவும் இடத்தில் ஒருவர் காத்திருந்தார். அறிவுச்செல்வன் என்று பெயர், காணைப் பக்கம் கரும்பு போடுகிறவர். மனைவிக்கு இரண்டு வருஷமாகப் பக்கவாதம். டிராக்டர் ஓட்டி ஓட்டிக் காது மந்தமாம். கையைக் காதில் குவித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. உங்களுக்குக் கோவம் வருமா? கை நீட்ற மாதிரி?"

"வராதுங்க" என்றேன்.

"அப்ப எனக்குத்தான்" என்றார். மனைவியை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மூன்று நாளாக அந்த முகத்தைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. நீ கிளியனூர்ப் பெண்ணுக்குக் கொடுத்ததை நான் அவருக்குக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். கூட்டத்துக்கு வந்தவர்களை எழுதிய ரெஜிஸ்டரில் அவர் பெயரும் ஊரும் இருக்கின்றன. போன் நம்பர் இல்லை.

என்ன செய்யட்டும்?

செண்பகம்


திண்டிவனம்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள செண்பகம் அக்கா,

மாலை விஷயத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில், "இன்னாடி பேஜாரு அது, சத்தமா படி" என்று மாமி அதட்டினார். அந்தப் பக்கத்தை மட்டும் படித்துக் காட்டினேன். மாமி சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் கேட்டு, குடித்துவிட்டு மறுபடி சிரித்தார். "எனக்கும் ஒரு பேனர் வெச்சுப் பாரு, உங்க ஊர்லேர்ந்து எத்தினி பேரு வர்றாங்கன்னு பாப்போம்" என்றார். அன்று முழுவதும் ஃபேனைப் பற்றிப் பேச்சே இல்லை.

நீங்கள் என்னிடம் யோசனை கேட்பது இதுதான் முதல் தடவை. அதனால் தைரியமாகச் சொல்கிறேன். மைக் வேண்டாம், டாக்டர் வேண்டாம், பேனர் நிச்சயமாக வேண்டாம். நோயாளிகளுக்கு ஒரு அறை, நமக்கு ஒரு அறை. நோயாளிகளோடு உட்கார ஓர் ஆள் போதும். அந்த ஆள் மாலையோடு வந்து சேர்ந்துவிட்டாரே.

காணைக்காரரை எப்படிப் பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. இந்தத் தடவை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். சொல்வதென்றால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சாஜிதா


விழுப்புரம்
25 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சாஜிதாவுக்கு,

தென்னரசு அண்ணனுக்கு இப்போது காணை வழியாகப் போகும் டவுன் பஸ்தான் டியூட்டி. விஷயம் இன்னதென்று சொல்லவில்லை; காணையில் அறிவுச்செல்வன் என்று ஒருவர், கரும்பு போடுகிறவர், அவரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அண்ணன் எட்டு நாள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் விசாரித்திருக்கிறார். ஒன்பதாவது நாள் ஒரு பயணி கைகாட்ட, வரப்பில் நின்றவரைப் பார்த்து, பயணிகளோடு வண்டியை நிறுத்தி, தலையை வெளியே நீட்டிக் கத்தினாராம்: "கரும்புக்காரரே! ஞாயித்துக்கெழம சத்துணவு டீச்சரம்மா வரச் சொல்லுது! பேனரு கெடையாதாம்!" கண்டக்டர் அண்ணனைத் திட்டினாராம்.

நேற்று எங்கள் பள்ளிக்கூடத்தில் கூடினோம். ஹெட்மாஸ்டர் இரண்டு வகுப்பறைகளுக்குச் சாவி கொடுத்தார். தூரமாக இருக்கும் அறைதான் நோயாளிகளுக்கு என்று நினைத்திருந்தேன். அதன் பூட்டு துருப்பிடித்துத் திறக்கவில்லை. ஆகவே பக்கத்து அறை. நடுவில் இருப்பது ஆள் உயரச் சுவர்; அதற்கு மேல் ஓடு வரை காலி. மூன்றாம் வகுப்பு பாடினால் நாலாம் வகுப்புக்குக் கேட்கும். அது தெரிந்துதான் உட்கார்ந்தேன். மெதுவாகப் பேசினால் போகிறது என்று நினைத்தேன்.

அந்தப் பக்கம் தென்னரசு அண்ணன், இவர், இன்னும் நாலு நோயாளிகள். இந்தப் பக்கம் நாங்கள் ஆறு பேர், பிள்ளைகளின் குட்டி பெஞ்சுகளில், முழங்கால் முகவாயில் இடிக்க. அறிவுச்செல்வன் வந்திருந்தார். யாரையும் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு நான் பொய் சொல்லிட்டேங்க" என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

அவர் காதில் கையைக் குவித்தார். "சத்தமா சொல்லும்மா. எனக்குத்தான் கேக்காதே."

மறுபடி சொன்னேன். "இன்னா?" என்றார்.

அப்புறம் என்ன செய்வது, சாஜிதா? எழுந்து நின்றேன். பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொல்லும் குரலில் சொன்னேன். "நான் என் வீட்டுக்காரரை அடிச்சேன். கன்னத்துல. ஜூன் மாசம் பத்தாம் தேதி காலையில. அவரால திருப்பி ஒரு வார்த்த பேச முடியாதுன்னு தெரிஞ்சே அடிச்சேன்."

அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த பேச்சு நின்றது. அண்ணனின் போனில் ஓடிக்கொண்டிருந்த கிரிக்கெட் சத்தமும் நின்றது. எனக்கு மேலே வரவில்லை. சுவரைப் பார்க்கவும் தைரியம் இல்லை. ஐந்து பேரும் என்னைப் பார்க்கிறார்கள்.

அப்போது சுவருக்கு மேலாக வந்தது. ஒவ்வொரு எழுத்தையும் இழுத்துப் பிடித்துக் கொண்டுவருவதுபோல.

"போ... போ... போலாம்."

கொஞ்சம் விட்டு, "ரைட்."

லட்சக்கணக்கான தடவை படிக்கட்டில் நின்று சொன்ன சொல். ஜனவரியோடு போனது. நேற்று வந்தது. தென்னரசு அண்ணன் அங்கே, "டேய், சொல்லிட்டான்டா! இன்னொரு தபா சொல்லு முருகையா!" என்று கூத்தாடினார். இங்கே எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தோம். நான் மீதியைச் சொன்னேன். அதற்குப் பிறகு அறிவுச்செல்வன் பேசினார். முக்கால் மணி நேரம். காது கேட்காதவர் குரல் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். எல்லாமே அந்தப் பக்கத்துக்கும் கேட்டிருக்கும். போகும்போது அவர் மனைவி, நன்றாக இருக்கும் கையால் தன் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தான் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து, "கோவமா?" என்று கேட்டேன். இவர் என் பின்னலைப் பிடித்து, ஒரே ஒரு இழுப்பு இழுத்து, விட்டுவிட்டார். கணக்கு தீர்ந்தது என்கிறாரா, அடுத்த தடவைக்கு எச்சரிக்கையா என்று தெரியவில்லை. இரண்டாகவும் இருக்கலாம். இனிமேல் அந்த மாதிரி நேரம் வந்தால் கையிலிருக்கும் விரிப்பை அப்படியே போட்டுவிட்டு வாசலில் போய் நிற்பது என்று நான் முடிவு செய்திருக்கிறேன். அம்மணியிடம் சொல்லியும் வைத்திருக்கிறேன். நான் வாசலில் நின்றால் அவள் உள்ளே போவாள்.

வாராவாரம் ஞாயிறு பத்து மணிக்கு அதே அறை. துருப்பிடித்த பூட்டை உடைக்கவா என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

இந்தக் கடிதத்தை ஒவ்வொரு வரியாக இவருக்குப் படித்துக் காட்டிக்கொண்டே எழுதுகிறேன். பேனர் வந்த இடத்தில் இவர் கட்டிலைத் தட்டிச் சிரித்தார். உன் மேல் இருந்த பாதிக் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை, தேடவும் இல்லை.

இனி தபால் செலவு எதற்கு? எப்போது வேண்டுமானாலும் போன் செய். ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறேன். அவர் காதில் விழட்டும்.

உன்
செண்பகம் அக்கா